மருந்து தொடுவது எதை? மனச்சோர்வு மருந்துகளும் டி.என்.ஏ-வும்

மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் டி.என்.ஏ-வோடு நேரடியாகப் பிணைகின்றனவா? வேதியியல் ஆய்விதழ்களைப் புரட்டினால் "ஆம்" என்ற விடையே திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. இமிப்ரமின், அமிட்ரிப்டிலின், குளோமிப்ரமின், ஃப்ளூவாக்ஸெடின் என்று மருந்துக்கடையில் கிடைக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, டி.என்.ஏ கரைசலில் கலந்து, பிணைப்பின் வலிமையை அளந்து சொல்லும் கட்டுரைகள் இந்தியா, ஈரான், துருக்கி முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களிலிருந்து தொடர்ந்து வருகின்றன. அளவீடுகளைப் பற்றிப் பெரிய குறை சொல்வதற்கில்லை. சிக்கல் அவற்றிலிருந்து தாவிச் சென்று எடுக்கப்படும் முடிவுகளில் இருக்கிறது. மருந்து டி.என்.ஏ-வைப் பிடித்துக்கொள்வதால்தான் நோய் குணமாகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியானால் அது மரபணுவைக் கெடுத்துவிடாதா என்று மாத்திரை எடுப்பவர்கள் அஞ்சுகிறார்கள். இரண்டுக்குமே சான்று போதாது என்பது என் வாதம். மருந்து மூலக்கூறு டி.என்.ஏ-வைத் தொடுவது உண்மை. ஆனால் அந்தத் தொடுகை பலவீனமானது, இடம் பார்க்காதது. உயிரணுக் கருவுக்குள் மருந்து உண்டாக்கும் மெய்யான மாற்றங்கள் வெளிச்சவ்விலிருந்து தொடங்கி, டி.என்.ஏ-வைச் சுற்றிக் கட்டி வைத்திருக்கும் புரதங்கள் வழியாக, நீண்ட சுற்றுவழியில் நடக்கின்றன. ஆண்டுக்கணக்கில் தினமும் ஒரு மாத்திரை விழுங்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை.

முதலில் அந்தச் சோதனைகள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்போம். கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ கம்பெனிகளிடம் தூளாகவும் நாராகவும் விலைக்குக் கிடைக்கிறது. அதை நீர்த்த தாங்கல் கரைசலில் கரைத்து, அதனுடன் மருந்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார்கள். டி.என்.ஏ 260 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளியை உட்கவரும்; மருந்து சேரச் சேர அந்த உட்கவர்தல் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது முதல் படி. அடுத்தது போட்டிச் சோதனை. எத்திடியம் புரோமைடு என்ற சாயம் டி.என்.ஏ ஏணியின் காரப் படிகளுக்கிடையே நுழைந்து பளிச்சென்று ஒளிரும். ஹெக்ஸ்ட் 33258 என்ற சாயம் டி.என்.ஏ முறுக்கின் சிறு பள்ளத்தில் படுத்துக்கொண்டு ஒளிரும். மருந்து எந்தச் சாயத்தை விரட்டுகிறதோ அந்தச் சாயத்தின் இடத்தில் அது அமர்வதாகக் கொள்கிறார்கள். மூன்றாவது, பாகுநிலை. 1961-இல் லெனர்ட் லெர்மன் காட்டியபடி, தட்டையான மூலக்கூறு ஒன்று இரண்டு காரப் படிகளுக்கிடையே நுழைந்தால், வழக்கமாக 0.34 நானோமீட்டர் இருக்கும் இடைவெளி ஏறத்தாழ இரு மடங்காகிறது, இழை நீள்கிறது, கரைசல் குழகுழப்பாகிறது. பாகுநிலை மாறவில்லை என்றால் மருந்து உள்ளே நுழையவில்லை. பள்ளத்திலோ வெளியே பாஸ்பேட் முதுகெலும்பிலோ ஒட்டியிருக்கிறது. நேர்த்தியான, செலவு குறைந்த, எங்கும் திரும்பச் செய்யத்தக்க சோதனைகள் இவை. ஆனால் இவற்றில் உயிரணு இல்லை, கரு இல்லை, நரம்பணு இல்லை.

மருந்துகளின் வடிவத்தைப் பார்த்தாலே விடையில் பாதி தெரிந்துவிடும். இமிப்ரமின் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த கைகி நிறுவனத்தின் மருந்து. மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் அதைக் கொடுத்துப் பார்த்த ரோலண்ட் கூன், மனச்சோர்வில் அது தரும் பலனை 1957-இல் எழுதினார். அதன் வம்சாவளியில் ஒரு சாயம் இருக்கிறது: 1876-இல் தயாரிக்கப்பட்ட மெத்திலீன் நீலம். அதன் மூன்று வளையக் கட்டமைப்பிலிருந்து ஃபீனோதயசீன்கள் வந்தன, அவற்றிலிருந்து குளோர்புரோமசின் வந்தது, குளோர்புரோமசினின் நடு வளையத்திலிருந்த கந்தகத்தை எடுத்துவிட்டு இரண்டு கார்பன்களை வைத்தால் இமிப்ரமினின் எலும்புக்கூடு கிடைக்கிறது. இந்த மாற்றத்தில் நடு வளையம் ஏழு அணுக்கள் கொண்டதாகிறது. இரு பக்கத்து பென்சீன் வளையங்களும் வண்ணத்துப்பூச்சியின் இறக்கைபோல மடிந்துகொள்கின்றன. மூதாதையான மெத்திலீன் நீலம் தட்டையானது, ஆகவே காரப் படிகளுக்கிடையே சுலபமாக நுழையும். மடிந்துபோன வாரிசுக்கு அந்த இடுக்கில் இடமில்லை. அதற்கு மிஞ்சுவது அதன் வால். வாலின் நுனியில் உள்ள அமைன், இரத்தத்தின் கார அமில நிலையில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அளவில் நேர்மின்னேற்றம் பெற்று நிற்கிறது. டி.என்.ஏ-வின் முதுகெலும்போ முழுக்க எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். இதே ஈர்ப்பு மயக்க மருந்து லிடோகெய்னுக்கு உண்டு, இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலாலுக்கு உண்டு, ஒவ்வாமைக்கான டைஃபென்ஹைட்ரமினுக்கும் உண்டு. அவற்றில் எதையும் யாரும் மனச்சோர்வுக்கு எழுதிக் கொடுப்பதில்லை.

மெத்திலீன் நீலத்தின் கதை இன்னொரு வகையிலும் உதவுகிறது. டி.என்.ஏ-வுக்குள் மெய்யாகவே நுழையக்கூடிய இந்தச் சாயத்துக்கு மனநிலையை உயர்த்தும் குணமும் உண்டு என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படியானால் நுழைவதுதான் காரணமா? 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு மெத்திலீன் நீலத்தை ஊசி வழி செலுத்தினால் செரோட்டோனின் அபாய அளவுக்கு ஏறிவிடும் என்று எச்சரித்தது. செரோட்டோனினைச் சிதைக்கும் மோனோ அமைன் ஆக்சிடேஸ் நொதியை அந்தச் சாயம் மிகக் குறைந்த அளவிலேயே முடக்கிவிடுகிறது என்பதே காரணம். டி.என்.ஏ-வோடு வலுவாகப் பிணையும் மூலக்கூறிலும்கூட, மூளையில் வேலை செய்வது வேறொரு பிணைப்பு.

இப்போது கணக்குக்கு வருவோம். கட்டுரைகள் தரும் பிணைப்பு மாறிலிகள் பெரும்பாலும் ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் இடையே நிற்கின்றன. பத்தாயிரம் என்று வைத்துக்கொண்டால், டி.என்.ஏ-வில் உள்ள இடங்களில் பாதி நிரம்ப 100 மைக்ரோமோலார் மருந்து கட்டற்ற நிலையில் கரைசலில் இருக்க வேண்டும். இமிப்ரமின் எடுப்பவரின் இரத்தத்தில் மருந்தும் அதன் வளர்சிதை வடிவமும் சேர்ந்தே பெரும்பாலும் 1 மைக்ரோமோலாரைத் தாண்டுவதில்லை, அதிலும் பத்தில் ஒன்பது பங்கு இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மிஞ்சும் 0.1 மைக்ரோமோலாரில், ஆயிரம் இடங்களில் ஒன்று நிரம்பியிருந்தால் அதிகம். செரோட்டோனினை நரம்பு இடைவெளியிலிருந்து திரும்ப உறிஞ்சும் கடத்திப் புரதத்தை ஃப்ளூவாக்ஸெடின் பிடித்துக்கொள்ள 1 நானோமோலார் அளவே போதும். இரண்டு பிடிமானங்களுக்கும் இடையே லட்சம் மடங்கு வேறுபாடு. மேலும், ஆய்வகக் கரைசலில் உப்பு மிகக் குறைவு. உயிரணுவுக்குள் பொட்டாசியம் 150 மில்லிமோலாருக்கு அருகில் இருக்கிறது, மக்னீசியமும் பாலியமைன்களும் கூட இருக்கின்றன. இவை எல்லாம் நேர்மின்னேற்றம் உடையவை. எல்லாம் அதே பாஸ்பேட்டுக்குப் போட்டி போடுபவை. மின்னீர்ப்பால் நிற்கும் பிணைப்பு உப்பு கூடக் கூடத் தளரும் என்பது பழைய, உறுதியான பாடம். அப்படியிருக்க, ஒரே உப்பு அளவில் அளந்த மாறிலியை வைத்துக்கொண்டு உடலுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசுவது எப்படிப் பொருந்தும்?

இந்தக் கட்டுரைகளின் இறுதியில் வழக்கமாக ஒரு கணினிப் படம் வரும்: டி.என்.ஏ-வின் சிறு பள்ளத்தில் மருந்து அழகாகப் படுத்திருக்கும். பெரும்பாலான படங்களில் பயன்படும் டி.என்.ஏ அமைப்பு ஒன்றே. புரத அமைப்புக் களஞ்சியத்தில் 1பி.என்.ஏ என்ற எண்ணில் இருக்கும், டிக்கர்சனும் ட்ரூவும் 1980-களின் தொடக்கத்தில் எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிந்த பன்னிரண்டு படித் துண்டு அது. அதன் நடுவில் ஏ-யும் டி-யும் அடுத்தடுத்து வரும் நான்கு படிகள் இருப்பதால் சிறு பள்ளம் அங்கே குறுகி, ஆழமாகி, நேர்மின்னேற்றமுள்ள எதையும் இழுக்கும். அதோடு, அந்தத் துண்டில் காரப் படிகளுக்கிடையே நுழைவதற்கு இடைவெளியே கிடையாது. கணினி நிரல் டி.என்.ஏ-வை அசையாத பொருளாக வைத்துக்கொண்டு தேடும்போது மருந்து போய்ச் சேர ஓர் இடம்தான் மிஞ்சுகிறது. விடை முன்கூட்டியே அமைப்பில் எழுதப்பட்டிருக்கும்போது, அதைச் சோதனையை உறுதிப்படுத்தும் தனிச் சான்றாக எண்ணுவது நியாயமில்லை. இடைவெளி உள்ள அமைப்பையும் சேர்த்து வைத்து, டி.என்.ஏ-வை நெளியவிட்டுக் கணக்கிட்டால்தான் அது சோதனை ஆகும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரத்த அளவை வைத்து மூளையை அளக்கலாமா? இந்த மருந்துகள் கொழுப்பை நாடுபவை. திசுக்களில் சேர்ந்துகொண்டே போகும். ஃப்ளூவாக்ஸெடினில் ஃப்ளோரின் அணுக்கள் இருப்பதால் உயிரோடிருக்கும் மனிதரின் மூளையிலேயே காந்த ஒத்ததிர்வு கொண்டு அதை அளக்க முடிகிறது. நீண்டகாலம் எடுப்பவர்களிடம் 10 மைக்ரோமோலாரை ஒட்டிய அளவுகள் பதிவாகியிருக்கின்றன. மறுப்பை நான் இலேசாக ஒதுக்கவில்லை. ஆனால் அந்தச் சேமிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரு முனையில் கொழுப்பு விரும்பும் வளையங்களும் மறுமுனையில் அமைனும் கொண்ட மூலக்கூறுகள் சவ்வுகளில் பதியும். அமிலத்தன்மை மிகுந்த லைசோசோம் பைகளுக்குள் போனதும் மின்னேற்றம் பெற்று வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும். அளவு கூடியிருப்பது பெரிதும் அங்கேதான். கருவை எட்டும் பங்குக்கும் கன்றுக்குட்டி டி.என்.ஏ-வைப் போன்ற வெற்று இழை கிடைப்பதில்லை: 147 படிகள் வீதம் ஹிஸ்டோன் புரத உருண்டைகளில் சுற்றப்பட்டு, அதன் மின்னேற்றத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே அடக்கப்பட்ட இழையே கிடைக்கும். இதையெல்லாம் மீறி, மனித உயிரணுவின் 600 கோடி காரப் படிகளில் சில லட்சம் இடங்களில் மருந்து ஒட்டிக்கொண்டாலும், இவ்வளவு தளர்ந்த பிடிமானம் ஒரு நொடியில் மிகச் சிறு பங்குக்கு மேல் நீடிக்காது. எந்த மரபணு, எந்த இடம் என்ற தேர்வும் அதற்கில்லை. எல்லா மரபணுவையும் ஒரே அளவில் உரசிச் செல்லும் ஒன்று, குறிப்பிட்ட சில மரபணுக்களைக் கூட்டிக் குறைக்க முடியாது.

கணக்கைவிட உறுதியான விடையைச் சுண்டெலிகள் தந்திருக்கின்றன. ராண்டி பிளேக்லியின் குழு, செரோட்டோனின் கடத்தியின் 172-ஆம் இடத்தில் இருக்கும் ஐசோலூசினை எடுத்து மெத்தியோனினை வைத்த சுண்டெலிகளை உருவாக்கியது. கடத்தி வழக்கம்போல வேலை செய்கிறது. ஆனால் ஃப்ளூவாக்ஸெடினும் சிட்டலோப்ராமும் அதைப் பிடிக்க முடிவதில்லை. இந்தச் சுண்டெலிகளில் அவ்விரு மருந்துகளும் நடத்தையை மாற்றும் ஆற்றலை இழந்தன. அந்த மாற்றத்தால் பாதிக்கப்படாத பாராக்ஸெடின் மட்டும் பலன் தந்தது. டி.என்.ஏ அத்தனையும் கருவில் அப்படியே இருக்கிறது, மருந்தும் மூளையை எட்டுகிறது, பலன் மட்டும் இல்லை. ஹெல்சிங்கியில் ஈரோ காஸ்ட்ரேனின் குழு 2021-இல் வேறொரு இலக்கை முன்வைத்தது: நரம்பு வளர்ச்சிக் காரணியான பி.டி.என்.எஃப்-ஐ ஏற்கும் டிஆர்கே-பி என்ற புரதத்தின் சவ்வுப் பகுதியில் பலவகை மனச்சோர்வு மருந்துகள் பிணைகின்றன. அங்கே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் பலன் போய்விடுகிறது. அந்தப் பிணைப்பும் மைக்ரோமோலார் அளவிலானதுதான். அப்படியானால் பலவீனமான பிணைப்பு என்பதற்காக டி.என்.ஏ-வை மட்டும் எப்படி ஒதுக்கலாம் என்று கேட்பது சரியான கேள்வி. பதில் இலக்கு இருக்கும் இடத்தில் இருக்கிறது. மருந்து சேர்ந்து குவியும் சவ்விலேயே டிஆர்கே-பி இருக்கிறது. அதை மாற்றினால் பலன் மறைகிறது என்ற சோதனையும் இருக்கிறது. டி.என்.ஏ-வுக்கு இந்த இரண்டும் இல்லை. கடத்தியா, டிஆர்கே-பி-யா என்ற சச்சரவு இன்னும் தீரவில்லை. ஆனால் இரு தரப்பும் நிற்கும் களம் கருவுக்கு வெளியே.

அச்சத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழ ஈக்களின் இறக்கையில் மரபுப் பிறழ்வைக் காட்டும் சோதனையில் சில மூவளைய மருந்துகள் பிறழ்வை உண்டாக்கின. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கனடாவின் சஸ்காட்ச்சவான் மாகாணத்தில் நடந்த ஆய்வு ஒன்று, அவற்றை அதிக அளவில் எடுத்த பெண்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து மார்பகப் புற்றுநோய் கூடியிருப்பதாக 2002-இல் சொன்னது. அதே மாகாணத்தில் பின்னர் நடந்த ஆய்வு அதை உறுதி செய்யவில்லை. ஹைட்ரசின் வகையைச் சேர்ந்த ஃபினெல்சின் கதை வேறு: அது உடலில் உடையும்போது வினைத்திறன் மிக்க துண்டுகள் பிறக்கின்றன, அதிக அளவு கொடுத்த சுண்டெலிகளில் கட்டிகளும் வந்தன. அந்த வகையை இன்று மருத்துவர்கள் அரிதாகவே எழுதுகிறார்கள். அங்கேயும் சேதம் செய்வது வேதிச் சிதைவின் துண்டு. பள்ளத்தில் வந்து அமரும் மருந்து மூலக்கூறு அல்ல. டி.என்.ஏ-வின் எழுத்து வரிசையைச் செர்ட்ராலினோ ஃப்ளூவாக்ஸெடினோ நோயாளிகளில் மாற்றுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது.

எழுத்து மாறவில்லை, ஆனால் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது மாறுகிறது. எரிக் நெஸ்லரின் ஆய்வகத்தில் நாடியா த்சான்கோவாவும் பிறரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதில் இன்றும் முதன்மையானது என்று கருதுகிறேன். சுண்டெலிகளை நாள்தோறும் முரட்டுச் சுண்டெலி ஒன்றிடம் தோற்கவிட்டுப் பத்து நாள் வைத்திருந்தார்கள். அவை மற்றவற்றோடு சேராமல் ஒதுங்கின. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் பி.டி.என்.எஃப் மரபணுவின் இரண்டு தொடக்க இடங்களில், எச்3 ஹிஸ்டோனின் 27-ஆம் லைசினில் மெத்தில் குழுக்கள் ஏறியிருந்தன. அது மரபணுவை மூடும் முத்திரை. பிறகு நான்கு வாரம் இமிப்ரமின் கொடுத்தபோது மரபணு மீண்டும் இயங்கியது. ஆனால் மூடிய முத்திரை போகவில்லை. அதே இடத்தில் திறக்கும் முத்திரைகளான அசிட்டைல் குழுக்களும் 4-ஆம் லைசின் மெத்திலும் கூடுதலாக ஏறியிருந்தன. அசிட்டைலைக் கழற்றும் எச்.டி.ஏ.சி-5 நொதி குறைந்திருந்தது. அதை வைரஸ் வழியாக ஹிப்போகாம்பஸில் வலிந்து கூட்டியபோது இமிப்ரமினின் பலன் நின்றது. இங்கே எண்ணப்படும் காரணச் சங்கிலி இது: கடத்தி அடைபடுகிறது, செரோட்டோனின், நோரட்ரினலின் சமிக்ஞைகள் கூடுகின்றன, உயிரணுவுக்குள் கிரெப் போன்ற புரதங்கள் விழிக்கின்றன, ஹிஸ்டோனை மாற்றும் நொதிகள் நகர்கின்றன. டி.என்.ஏ-வைத் தொடுவது கிரெப்; இமிப்ரமின் அல்ல.

நொதிகளை மருந்தே நேராகப் பிடிக்கும் வழியும் உண்டு. டிரானில்சைப்ரோமின் மோனோ அமைன் ஆக்சிடேஸை முடக்கும் பழைய மருந்து. 2004-இல் யாங் ஷியின் குழு, ஹிஸ்டோனிலிருந்து மெத்திலைக் கழற்றும் முதல் நொதியை அடையாளம் கண்டது; எல்.எஸ்.டி-1 என்று பெயர் பெற்ற அது அதே ஆக்சிடேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மருந்து அதையும் முடக்குகிறது என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்தது, இன்று அதன் வழித்தோன்றல்கள் இரத்தப் புற்றுநோய்க்குச் சோதிக்கப்படுகின்றன. மியூனிக்கில் தியோ ரைனின் குழு, பாராக்ஸெடினும் அமிட்ரிப்டிலினும் டி.என்.ஏ-வில் மெத்தில் ஏற்றும் நொதியின் செயலை, துணைப் புரதங்கள் வழியாகக் குறைப்பதைக் காட்டியது. எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது 2019-இல் இயன் மேஸின் குழு கண்டது: செரோட்டோனினே எச்3 ஹிஸ்டோனின் 5-ஆம் இடத்தில் வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது, மரபணு வாசிப்பைத் தொடங்கும் புரதங்களை அங்கே வரவழைக்க அது உதவுகிறது. அழுத்தமும் மனச்சோர்வு மருந்தும் மூளைத் தண்டின் ராஃபே பகுதியில் இந்த முத்திரையை மாற்றுவதாக அதே குழு பின்னர் எழுதியது.

மனச்சோர்வுக்குத் தரப்படும் கெட்டமின் சில மணி நேரத்தில் வேலை செய்கிறதே, மரபணு மாற்றத்துக்கு அவ்வளவு விரைவு ஏது என்று கேட்கலாம். கேள்வி சரி. லிசா மான்டெஜ்ஜியாவின் குழு 2011-இல் காட்டியபடி, அந்த உடனடிப் பலனுக்குப் புதிதாக மரபணு வாசிப்பு வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் தூது ஆர்.என்.ஏ இழையிலிருந்து புரதம் பிறந்தால் போதும். ஆனால் நாள்கள் கடந்தும் பலன் நிற்க, மெத்தில் ஏறிய டி.என்.ஏ-வைப் பிடிக்கும் மெக்-பி-2 புரதத்தில் பாஸ்பேட் ஏற வேண்டும் என்று அதே குழு 2021-இல் கண்டது. தொடங்குவது ஒரு வேலை, நிலைக்க வைப்பது இன்னொரு வேலை. கருவின் பங்கு இரண்டாவதில். மற்றொரு குறையை மறைக்கக் கூடாது: முத்திரைகள் பற்றிய சான்றில் பெரும்பகுதி சுண்டெலி மூளையிலிருந்தும், மனிதரில் என்றால் இரத்த அணுக்களிலிருந்தும் வருகிறது. இரத்தத்தில் கண்ட மெத்தில் மாற்றம் ஹிப்போகாம்பஸில் நடப்பதைக் காட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நேரடிப் பிணைப்பால்தான் பலன் என்பதை மறுக்கும் சான்று வலுவாக இருப்பது போல, சுற்றுவழியை நிறுவும் சான்று மனிதரில் இன்னும் வலுவாக இல்லை.

ஆனாலும் ஆராய வேண்டிய திசை எது என்பதில் எனக்கு ஐயமில்லை. இங்கிலாந்தில் நடந்து 2021-இல் வெளியான ஆன்ட்லர் ஆய்வில், நீண்டகாலம் மருந்து எடுத்து நலமாக இருந்து, நிறுத்தலாமா என்று யோசித்தவர்களை இரு பிரிவாக்கினார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. த்சான்கோவாவின் சுண்டெலிகளில் இமிப்ரமினுக்குப் பிறகும் அழியாமல் நின்ற 27-ஆம் லைசின் முத்திரையை இந்த எண்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். அசிட்டைல் ஏறி மரபணு திறந்திருக்கும் வரை பலன். மருந்து போனதும் பழைய முத்திரை மேலோங்குகிறதா? இது இன்னும் ஊகம்தான். ஆனால் சோதிக்கத்தக்க ஊகம்: மருந்தை நிறுத்திய பின் வாரந்தோறும் அந்த இரண்டு தொடக்க இடங்களையும் அளக்கலாம், மூடும் முத்திரையைக் கழற்றும் நொதியை அதே இடத்துக்கு மட்டும் அனுப்பி, ஒதுங்கும் நடத்தை திரும்பாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். கன்றுக்குட்டி டி.என்.ஏ-வில் இன்னொரு மருந்தைக் கலந்து இன்னொரு மாறிலி காண்பதற்குச் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கு இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். நிறுத்தலாமா, எப்போது நிறுத்தலாம் என்று கேட்கும் நோயாளிக்கு மருத்துவர் சொல்லக்கூடிய விடை அங்கிருந்து வர வாய்ப்பிருக்கிறது.